இரண்டு விரலும் ஒரு சுவர்க் கடிகாரமும்: ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாடிக் குறிப்புகள்

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று எந்தப் பக்கம் போனாலும், பிள்ளை பள்ளிக்கு ஓடும் வீடுகளில் இப்போது ஒரே பேச்சு: "அம்மா, துடிப்பு காட்டுகிற கைக்கடிகாரம் வேணும்." அந்தக் காசுக்கு நல்ல ஓட்டக் காலணியே வாங்கிவிடலாம். எங்கள் வீட்டில் பெரியவள் குறுக்கோட்டம் ஓடுகிறாள், அவள் அப்பா சனிக்கிழமை தவறாமல் பந்து விளையாடப் போகிறார். இருவர் நாடியையும் பிடித்துப் பிடித்துக் கைவந்த சில வழிகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. கட்டைவிரலால் நாடி பிடிக்காதீங்க. அந்த விரலுக்கே தனித் துடிப்பு உண்டு, கணக்கு குழம்பிவிடும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் மெல்ல வையுங்க. வாதம், பித்தம், கபம் பார்க்க நம் வைத்தியர்கள் மூன்று விரல் வைத்த அதே இடம்தான்.

2. கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கும்போது முதல் துடிப்பை "சுழியம்" என்று சொல்லுங்க, அடுத்ததுதான் "ஒன்று". 10 விநாடிக் கணக்கில் ஒன்று கூடினால் நிமிடக் கணக்கில் ஆறு கூடிவிடும்.

3. உட்கார்ந்திருக்கும்போது 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஓடி நின்ற பிள்ளைக்கு அது சரிவராது. நின்ற கணமே துடிப்பு இறங்கத் தொடங்கும், எண்ணி முடிப்பதற்குள் கணிசமாகக் குறைந்துவிடும். நின்ற ஐந்து விநாடிக்குள் விரலை வைத்து, 10 விநாடி மட்டும் எண்ணி ஆறால் பெருக்குங்க.

4. திடலில் நின்றுகொண்டு ஆறாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டாம். 20 என்றால் 120, 23 என்றால் 138, 25 என்றால் 150, 27 என்றால் 162, 30 என்றால் 180 என்று ஓர் அட்டையில் எழுதி, மேலே ஒட்டுநாடா ஒட்டித் தண்ணீர்ப் புட்டியில் கட்டிவிடுங்க. ஒன்றை எழுதிக் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டுங்க, இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிடும்.

5. வியர்த்த கையில் நாடி கிடைக்காவிட்டால் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கவாட்டில் பாருங்க. ஒரே பக்கம், மெல்லத் தொட்டால் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் துடிப்பு இறங்கித் தலை சுற்றும்.

6. காலையில் கண் விழித்ததும், படுக்கையைவிட்டு எழுவதற்கு முன் எடுக்கும் துடிப்புதான் அசல் துடிப்பு. தனி நோட்டுப் புத்தகம் வாங்கத் தேவையில்லை; சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் ராகுகாலம் அச்சடித்த கட்டத்தின் ஓரமே போதும். பென்சிலும் நூலும் அதிலேயே கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

7. பெரியவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. பல ஆண்டுகள் ஓடிப் பழகியவர்களுக்கு 40, 50 என்றுகூட இருக்கும். அவர்கள் இதயம் ஒரு தடவை சுருங்கும்போது நிறைய இரத்தத்தைத் தள்ளுவதால் அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் எண் மெல்ல இறங்கினால் பயிற்சி உடம்பில் ஒட்டுகிறது என்று சந்தோஷப்படுங்க.

8. உச்சத் துடிப்புக்கு எல்லாரும் சொல்வது 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180தான். 60 வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 160, புதியதில் 166. வயதானவர்களைப் பழைய கணக்கு குறைத்துப் பேசுகிறது என்பதால் எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான் வைத்துக்கொள்கிறோம்.

9. எந்தச் சூத்திரமும் ஊர் முழுவதற்கும் எடுத்த சராசரிதான். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்கு உச்சத் துடிப்பு 10, 12 வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்டு வந்து உங்கள் பிள்ளையை விரட்டாதீங்க.

10. சூத்திரத்தை உடம்புக்கேற்ப இன்னும் கொஞ்சம் அளவெடுத்துத் தைக்க, பின்லாந்து நாட்டு கார்வோனென் 1957இல் காட்டிய வழி நல்லது. 45 வயதுக்காரருக்கு உச்சம் ஏறக்குறைய 175, காலைத் துடிப்பு 75 என்று வையுங்க. இடையில் இருப்பது 100. அதில் 60 விழுக்காடு 60, அதோடு 75ஐக் கூட்டினால் 135. 70 விழுக்காடு என்றால் 145. அந்த 135க்கும் 145க்கும் நடுவில் ஓடினால் அது அவருக்கு அளவான ஓட்டம். எங்கள் வீட்டுக்காரர் இந்த இரண்டு எண்ணையும் காலணி நாக்கின் உட்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

11. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஓட்டத்தில் அவர்கள் துடிப்பு 200ஐத் தொடுவதும் சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு எண்ணைவிட முகமும் பேச்சும்தான் அளவுகோல்.

12. பேச்சுச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். ஓடிக்கொண்டே ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் சொல்லச் சொல்லுங்க; சபைகூடலில் சொல்லிச் சொல்லி எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஐந்தையும் இழுப்பின்றிச் சொன்னால் இலேசான ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கினால் நடுத்தரம், இரண்டாவதிலேயே வாய் அடைத்தால் கடுமையான ஓட்டம்.

13. சுவீடன் நாட்டு குன்னார் போர்க், உடம்பு படும் பாட்டுக்கு 6 முதல் 20 வரை மதிப்பெண் போடும் அளவு ஒன்றைத் தந்தார். ஏன் 6இல் தொடங்குகிறது என்று யோசித்திருப்பீங்க. பத்தால் பெருக்கினால் வாலிபர்களுக்கு ஏறக்குறையத் துடிப்பு வந்துவிடும். பிள்ளை "13" என்றால் 130 அருகில். சில நாள் நாடியோடு ஒத்துப் பார்த்தால், பிறகு அவர்கள் வாயால் சொல்வதே போதும்.

14. நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, இலேசாக ஓட வேண்டிய நாளில் பந்தயம் ஓடுவதுதான். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இலேசான துடிப்பில்தான் முடிக்கிறார்கள். "மெதுவா ஓடு" என்று பத்துத் தடவை சொன்னாலும் பிள்ளைக்கு ஏறாது. "இன்றைக்கு 10 விநாடிக்கு 24ஐத் தாண்டக் கூடாது" என்று எண்ணைச் சொல்லுங்க, அது விளையாட்டாகிவிடும்.

15. இன்னொன்று, கூட்டமாக ஓடும்போது கடைசியில் வரும் பிள்ளையின் நாடியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்கு 140 என்றால், அவனைத் துரத்தும் குட்டிக்கு 185 இருக்கும். ஒரே ஓட்டம் ஒருவனுக்கு நடை, இன்னொருவனுக்குப் பந்தயம். வேகத்தைப் பொதுவாக வைக்காமல் துடிப்பைப் பொதுவாக வைத்தால் பின்தங்கும் பிள்ளைகள் பாதியில் விட்டு ஓடமாட்டார்கள்.

16. நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீங்க. அதே பிள்ளை அதே திடலை அதே வேகத்தில் காலை ஏழேகாலுக்குச் சுற்றினால் ஒரு துடிப்பு, பிற்பகல் மூன்று மணிக்குச் சுற்றினால் வேறு துடிப்பு. உடம்பைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்கும் ஓட வேண்டியிருப்பதால் இதயத்துக்கு இரட்டை வேலை. வெயிலில் வேகத்தைக் குறைத்துத் துடிப்பைக் காப்பாற்றுங்க. அது சோம்பல் ஆகாது.

17. நீண்ட ஓட்டத்தில் வேகம் கூடாமலே துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் தண்ணீர் போய் இரத்தத்தின் அளவு குறைவதும், உடம்புச் சூடு ஏறுவதும் முக்கியக் காரணம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இந்தப் புழுக்கத்தில் நடந்தார் என்று நினைத்துப் பாருங்க. நம் பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நான்கைந்து மடக்கு போதும், தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

18. எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிய, ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. 50 கிலோ பிள்ளைக்கு ஒரு கிலோ குறைந்தாலே துடிப்பில் தெரியும். வியர்த்த சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏற்றுங்க, இல்லாவிட்டால் சட்டை குடித்த வியர்வையும் எடையில் சேர்ந்துவிடும்.

19. கலர் கலராக விற்கும் பானப் புட்டிகளுக்கு வெள்ளியைக் கொட்ட வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு போதும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டம் என்றால் அதுகூட வேண்டாம், பச்சைத் தண்ணீரே சரி.

20. 100, 200 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு நாடிக் கணக்கு உதவாது. டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த தேசியச் சாதனையை 2017இல் நம் மலாக்காப் பையன் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90இல் முறியடிக்க 49 ஆண்டு ஆனது. இதயம் முழு வேகத்துக்கு ஏறுவதற்குள் அந்த ஓட்டம் முடிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடமாவது தொடர்ந்து ஓடினால்தான் எண் உண்மை பேசும்.

21. ஆனால் விரைவோட்டப் பிள்ளைகளுக்கும் ஓட்டத்துக்கு இடையில் எவ்வளவு நேரம் நிற்பது என்று நாடி சொல்லும். 1930களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் ரெய்ண்டல் என்ற இதய மருத்துவரும், துடிப்பு 180 வரை ஏறும்படி ஓடவிட்டு, அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம் என்று வைத்தார்கள். கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஒன்றரை நிமிடத்தில் 10 விநாடிக்கு 20 என்று இறங்காவிட்டால் அன்றைய பயிற்சியை அத்தோடு முடித்துவிடுங்க; பிள்ளை கெஞ்சினாலும் சரி.

22. ஓடி நின்றதும் ஒன்று, சரியாக ஒரு நிமிடம் கழித்து ஒன்று என்று இரண்டு தடவை எண்ணி எழுதுங்க. நல்ல பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்தில் 30, 40 இறங்கும். பெரியவர்களுக்கு மெல்ல நடந்து ஆறும்போது 12கூட இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

23. காலைத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி, இரண்டு நாள் அப்படியே நின்றால் அன்றைக்கு ஓட்டத்தை விட்டு நடக்க விடுங்க. எங்கள் பெரியவள் போன ஆண்டு போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 61, 60, 62 என்று எழுதி வந்தவள் திடீரென்று 70, 71 எழுதினாள். "சும்மாதாம்மா" என்றாள். மறுநாள் மாலை காய்ச்சல். நாட்காட்டி அவளைவிட முந்திச் சொல்லிவிட்டது.

24. காய்ச்சலோடு ஓடவே கூடாது. உடம்புச் சூடு ஒரு பாகை ஏறினாலே துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் கூடும், அதன் மேல் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் தசைக்கு ஆபத்து. நம் பக்கம் டிங்கி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது; காய்ச்சல் விட்ட மறுநாளே திடலுக்கு அனுப்பாமல், காலைத் துடிப்பு பழைய எண்ணுக்குத் திரும்பி, மருத்துவரும் சரி என்ற பிறகு அனுப்புங்க.

25. பரீட்சைக் காலத்தில் தூக்கம் கெட்டாலும், கோப்பி ஒன்றுக்கு இரண்டு குடித்தாலும் எண் ஏறும். அது பயிற்சியின் குற்றம் அல்ல. நாட்காட்டிக் கட்டத்தில் "தூ" அல்லது "கோ" என்று ஓர் எழுத்து போட்டுவிட்டால் பிறகு பார்க்கும்போது குழப்பம் வராது.

26. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் பயிற்சியைக் கூட்டாமலே களைத்து, துடிப்பும் கூடிப்போனால் இரத்தசோகையா என்று பாருங்க. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து இரத்தத்தைச் சோதித்துவிடலாம். சோற்றோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்க, அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். முருங்கைக்கீரையில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து பரிமாறினால் சத்து நன்றாகச் சேரும்.

27. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலோல், பிசோப்ரோலோல் மாதிரி மாத்திரை சாப்பிடும் அப்பாக்களுக்கு எந்தச் சூத்திரமும் செல்லாது. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது; "இன்னும் 110தான்" என்று நம்பி ஓடினால் உடம்பு தாங்காது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனை மட்டும்தான்.

28. செம்பனைத் தோட்டத்தில் காலையிலிருந்து குலை வெட்டி, தள்ளுவண்டி தள்ளி வந்தவருக்கு மாலைப் பந்தாட்டம் அன்றைய இரண்டாவது வேலை. வந்ததும் பத்து நிமிடம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாடி பாருங்க. அப்போதும் 100ஐ விட்டு இறங்கவில்லை என்றால் அன்று கோல்காவலராக நிற்கச் சொல்லுங்க.

29. புக்கிட் சீனா, புக்கிட் பெருவாங் ஏற்றங்களில் வேகத்தைப் பார்த்து ஓடாதீங்க, துடிப்பைப் பார்த்து ஓடுங்க. ஏற்றத்தில் எண் எகிறினால் கூச்சப்படாமல் நடக்கலாம். மேலே போய்ச் சேரும்போது கால் மிச்சமிருக்கும்.

30. பந்தாட்டம், கபடி போன்றவற்றில் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் எண்ணுவது வீண். இடைவேளை விசில் ஊதியதும் ஒன்று, இடைவேளை முடியும்போது ஒன்று எடுத்தால் இரண்டாம் பாதிக்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

31. கைக்கடிகாரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டுங்க. தொளதொளவென்று கட்டினால் உள்ளே இருக்கும் ஒளிக்கண் துடிப்பை விட்டுக் கால் அடியை எண்ணிவிடும். வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்து வியர்வை உப்பை ஈரத் துணியால் துடைத்தாலே பாதி கோளாறு தீரும்.

32. மார்பில் கட்டும் பட்டைதான் துல்லியம். கட்டுவதற்கு முன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனையுங்க, காய்ந்த பட்டை எண் காட்டாது. முடிந்ததும் முன்னால் இருக்கும் பொத்தான் பெட்டியைக் கழற்றிவிடுங்க. ஈரப் பட்டையோடு கிடந்தால் அது வேலை செய்துகொண்டே இருந்து மின்கலத்தைத் தீர்த்துவிடும்.

33. கைப்பேசிப் படக்கருவியில் விரல் வைத்துத் துடிப்பு பார்க்கும் செயலிகள் படுத்திருக்கும்போது பரவாயில்லை. ஓடி வந்து நடுங்கும் விரலுக்கு உதவாது. அதற்குக் காசு கட்டிப் பதிவிறக்கம் செய்ய வேண்டாம்.

34. போட்டி நாளன்று தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே படபடப்பில் துடிப்பு 120, 130 இருக்கும். பயிற்சி எண்ணை வைத்துக்கொண்டு அன்று பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க. கடிகாரத்தைக் கழற்றி உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்க.

35. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் ஓட்டம் வேண்டாம். வரவேற்பறையில் கயிறு தாண்டினாலே துடிப்பு வேண்டிய அளவுக்கு ஏறும். ஒரு நிமிடம் தாண்டி, ஒரு நிமிடம் நடந்து, பத்து முறை செய்யட்டும்.

36. மாசி மகத்துக்கு சன்னாசிமலைக்குக் காவடி எடுக்கிறவர்கள் விரத நாட்களில் கடும் பயிற்சியைத் தள்ளிவையுங்க. ஒரு வேளைச் சாப்பாட்டில் துடிப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஏறும். மாலையில் அரை மணி நேர நடை போதும்.

37. ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தப்பித் தப்பி அடிப்பது, இதில் எது வந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்க. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், பிள்ளையைப் போட்டிக்கு விடும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லி இதய மின்பதிவு எடுத்துவிடுங்க. யாராவது சுருண்டு விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் நாடி தேடி நேரத்தை விடாதீங்க. ஒருவர் 999ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்கட்டும்.

38. நாட்காட்டியில் சேர்ந்த எண்களை மாதக் கடைசியில் சின்னவனிடம் கொடுத்து, கட்டத் தாளில் கோட்டு வரைபடம் போடச் சொல்லுங்க. கணிதப் பாடமும் முடிந்தது, அக்காவின் ஓட்டம் எப்படிப் போகிறது என்றும் தெரிந்தது. பழைய நாட்காட்டித் தாள்களைக் குப்பையில் போடாதீங்க. அடுத்த ஆண்டுப் பயிற்றுநருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

39. வீட்டில் பாட்டி இருந்தால் எண்ணும் வேலையை அவரிடம் கொடுங்க. எங்கள் மாமியார் பால்மரம் வெட்டிப் பழகிய கை, மெல்லத் தொட்டாலே நாடியைப் பிடித்துவிடுவார். மாலையில் பேத்தி திடலிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தி மூணு" என்பார். பேத்தி உடனே அவர் கையைப் பிடித்து எண்ணுவாள். தாமானைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் பாட்டிக்குப் பதினேழு.